அம்மாவின் நெஞ்சு வலிக்கு எந்த ஊர், எந்த டாக்டர்?

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் 34 வயதுப் பெண் நீண்ட கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார். பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 59 வயது. மாரண்டஅள்ளிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். 11 வருடமாகச் சர்க்கரை, சில வருடங்களாக பிபி. ஐந்து மாதமாக, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக் கொல்லைக்கு ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது, தாடை வரை இழுக்கிறது. சற்று நின்றால் போய்விடுகிறது. மெடிக்கலில் வாயு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஈசிஜி நார்மல். ஒரு முகாமில் எடுத்த எக்கோவும் (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) நார்மல். பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, "நாளைக்கே ஆஞ்சியோ செய்யணும், அடைப்பு இருந்தா அப்படியே ஸ்டென்ட் வெச்சிடலாம், இரண்டு லட்சம் ரெடி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். (ஆஞ்சியோ என்பது மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்தி இதய ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது. ஸ்டென்ட் என்பது அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்.) ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி பெங்களூரு என்கிறார், பெரியப்பா வேலூர் என்கிறார், கணவர் சேலம் போதும் என்கிறார். காப்பீட்டு அட்டை இறந்துபோன அப்பாவின் பெயரில் இருக்கிறது. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். அம்மாவோ ஆஞ்சியோ என்றால் மறுக்கிறார். எங்கே போவது, எப்படித் தயாராகப் போவது, அம்மாவிடம் "சுகர் டெஸ்ட்" என்று சொல்லி அழைத்துப்போய் ஆஞ்சியோ எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

சகோதரி,

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்தேன். அவற்றைவிட எனக்கு அதிகம் சொன்னது, அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த ஒரு வரிதான்: "மேடேறினா நெஞ்சுல கல்ல வெச்ச மாதிரி இருக்குது, நின்னா போயிருது." நடந்தால் வருகிறது, நின்றால் விடுகிறது, தாடைக்குப் பரவுகிறது. சர்க்கரையும் பிபியும் உள்ள 59 வயதுப் பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை இதய வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஞ்சைனா என்று சொல்வது இதைத்தான். வாயு வலி என்றால் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டிருக்கும். மேடு ஏறுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. இனி வாயு மாத்திரையை நம்பி ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம்.

நான் பொது மருத்துவர். இதய நிபுணரிடம் அனுப்புவதும், அங்கிருந்து திரும்பி வருபவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதும் என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், எவ்வளவு அவசரம் என்பது தெளிவாக வேண்டும். ஐந்து மாதமாக அதே மேட்டில் அதே அளவில் வந்து, நின்றதும் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இன்றிரவே கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம் முடியட்டும் என்று தை வரை தள்ளிப்போடவும் கூடாது. இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவர் அம்மாவைப் பார்த்து மருந்தைத் தொடங்கியாக வேண்டும்.

சமதரையில் நடக்கும்போதே வலி வர ஆரம்பித்தாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் தூக்கத்திலும் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி 10 நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் என ஏதாவது ஒன்று சேர்ந்தாலோ உடனே 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரும். அந்த நேரத்தில் பெங்களூரா, வேலூரா என்ற பேச்சே கூடாது. தம்பியின் பைக்கிலும் ஏற்றக் கூடாது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மாரடைப்புக்குக் கிட்டத்தில் இருப்பதே சிறந்த ஆஸ்பத்திரி.

நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டுகள்

"இரண்டு ரிப்போர்ட்டும் நார்மல், அப்புறம் எப்படி அடைப்பு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போலப் பலரும் இந்த இடத்தில்தான் நிம்மதியாகி நின்றுவிடுகிறார்கள்.

ஈசிஜி எடுத்தபோது அம்மா படுத்திருந்தார், வலியும் இல்லை. குழாயில் பாதி அடைத்திருந்தாலும் சொட்டுநீருக்குத் தண்ணீர் போதும், தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பாய்ச்சினால்தான் போதாதது தெரியும். இதய ரத்தக் குழாயும் அப்படித்தான். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருப்பதால் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. எக்கோவில் 62 சதவீதம் என்று இருக்கிறதே, அது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் பலம். 55-க்கு மேல் இருந்தால் நல்லது. அது உண்மையிலேயே நல்ல செய்தி, இதயத் தசை இன்னும் பழுதாகவில்லை என்று பொருள். ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று எக்கோவில் பார்க்க முடியாது.

இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பதற்கு டிரெட்மில் பரிசோதனை இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள். மிஷினில் வேகமாக நடக்க முடியாதவர்களுக்கு அது சரியாக வராது. அதற்குப் பதில் மருந்து ஏற்றி இதயத் துடிப்பைக் கூட்டி எடுக்கும் எக்கோ உண்டு, சிடி ஆஞ்சியோகிராம் உண்டு. எது பொருந்தும் என்று முடிவு செய்வது நிபுணரின் வேலை. முட்டி வலி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

நாளைக்கே ஆஞ்சியோ என்றது தப்பா?

அந்த ஆஸ்பத்திரி ஏமாற்றுகிறது என்று உங்கள் தம்பி முடிவே கட்டிவிட்டார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மாவின் நிலையில் ஆஞ்சியோ தேவைப்படலாம். எந்த நிபுணரிடம் போனாலும் அந்தப் பேச்சு வரும். "நாளைக்கே", "அப்படியே ஸ்டென்ட்", "இரண்டு லட்சம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதைத்தான் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

வலி ஒரே அளவில் நிலையாக இருப்பவர்களுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்வதா, முதலில் நல்ல மருந்துகளோடு பார்ப்பதா என்பதை 5,000-க்கும் அதிகமானவர்களிடம் ஆராய்ந்தார்கள். இந்தியாவும் பங்கேற்ற அந்த ஆய்வின் பெயர் இஸ்கீமியா, முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. உடனே செய்துகொண்டவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் மாரடைப்பிலும் மரணத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலி குறைவதில் மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களுக்கு நல்ல பலன் இருந்தது. இதயத்தின் இடதுபக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களுக்கும், இதயம் மிகவும் பலவீனமானவர்களுக்கும், புதிதாக மாரடைப்பு வந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சர்க்கரை உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் பைபாஸே மேல் என்றும் வரலாம். ஆக, யோசிக்க உங்களுக்குச் சில நாள் அவகாசம் இருக்கிறது, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் உரிமை இருக்கிறது. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தயங்காமல் கேளுங்கள்.

பணம் பற்றி ஒன்று. ஸ்டென்ட்டுக்கு 2017 முதல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. எஸ்டிமேட்டில் ஸ்டென்ட்டின் விலை எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெங்களூரு, வேலூர், சேலம்

மூன்று ஊரிலும் நல்ல இதய மருத்துவம் இருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூரில் சிஎம்சி, பெங்களூருவில் கர்நாடக அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அம்மாவை இனி வருடக்கணக்கில் ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும், பிபி இறங்கினால் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவால் போய்வர முடிகிற இடமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் ஊரிலிருந்து ரயிலேறினால் ஒருபக்கம் சேலம், மறுபக்கம் ஓசூரும் பெங்களூரும். வேலூருக்கு அந்த வசதி இல்லை.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவு. இதயப் பிரிவு ஓ.பி. எந்த நாளில் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கேயே மருந்து தொடங்கிவிடுவார்கள். ஆஞ்சியோ வேண்டும் என்றால் அங்கே செய்வார்களா, சேலத்துக்கு எழுதிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். தம்பி வீட்டில் தங்கி பெங்களூருவில் காட்டுவதுதான் உங்களுக்கு வசதி என்றால் அதற்கும் தடையில்லை. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். குறிப்பிட்ட ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள்.

அந்த அட்டையை இப்போதே சரிசெய்ய வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது உதவும். அப்பா இறந்துவிட்டதால், அட்டையில் அம்மாவின் பெயர் செல்லுபடியாகிறதா என்று ரேஷன் கார்டு, ஆதார், அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பாருங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். அட்டையில் செய்வதென்றால் ஆஸ்பத்திரி முன்அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். பணத்தைக் கட்டி முடித்துவிட்டு அட்டையை நீட்டினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

டாக்டரைப் பற்றி. பெயருக்குப் பின்னால் எம்.டி.யோடு, டி.எம். அல்லது டி.என்.பி. இதயவியல் என்று இருக்கிறதா பாருங்கள். எம்.சிஎச். என்று இருந்தால் அவர் அறுவை சிகிச்சை நிபுணர், முதலில் பார்க்க வேண்டியவர் அவரல்ல. பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பட்டம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ரிப்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன் "எப்போ வலிக்குதும்மா, எவ்வளவு நேரம் இருக்குது?" என்று அம்மாவிடம் கேட்கிறாரா? அதைக் கேட்காமலே முடிவு சொல்கிறவர் எவ்வளவு பெரிய பெயர் பெற்றவராக இருந்தாலும், இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரம் வீணாகாமல் இருக்க, ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலி எந்த மாதம் தொடங்கியது, எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே பரவுகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை முறை. சுமை தூக்கினால், சாப்பிட்டதும் நடந்தால் அதிகமாகிறதா என்றும் எழுதுங்கள். அம்மாவின் அண்ணன் 49 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது தாளின் முதல் பாதியில் வர வேண்டிய விஷயம். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறார் என்பதையும் எழுதுங்கள். டாக்டர் கேட்டால் அம்மா வெட்கப்பட்டு இல்லை என்பார்.

மாத்திரைகளைப் பெயர் சொல்லி விளக்க முயலாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும், நாட்டு மருந்துப் பொடியும் அதில் இருக்க வேண்டும். வலி மாத்திரைகளில் பல சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும், பிபியை ஏற்றும். ஆஞ்சியோவில் செலுத்தும் மருந்தும் சிறுநீரகத்துக்குச் சுமை. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பார்க்கச் சொல்வார்கள். அதோடு ஹீமோகுளோபினும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் பார்த்திருந்தால் நல்லது. ரத்தசோகை இருந்தாலே ஆஞ்சைனா அதிகமாகும், நம் பக்கத்துப் பெண்களிடம் அது அதிகம். சர்க்கரை மாத்திரை சூடு என்று அம்மா இடையில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் போனால் டாக்டர் தேவைக்கு மேல் மருந்தைக் கூட்டிவிடுவார். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அம்மாவின் கிராமத்துக்கு வரும் அந்தத் திட்டத் தன்னார்வலர் பார்த்துக் குறித்த பிபி, சர்க்கரை அளவுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஜி தாளை லேமினேஷன் போடாதீர்கள். அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் நாளாக நாளாக மங்கும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்று அம்மாவைப் பட்டினியாக அழைத்துப்போக வேண்டாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விடிகாலை ரயிலேறி, வரிசையில் மயங்கி விழுபவர்கள் உண்டு. எக்கோவுக்கும் ஈசிஜிக்கும் பட்டினி தேவையில்லை. ஆஞ்சியோவுக்கு எத்தனை மணி நேரம், அன்று எந்த மாத்திரையை நிறுத்துவது என்று அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈசிஜி எடுக்கும்போது பெண் ஊழியர் வேண்டும் என்று முன்பே கேளுங்கள். அம்மா கூச்சப்பட்டு உடம்பை விறைத்துக்கொண்டால் ஈசிஜி தெளிவாக வராது.

கூட நீங்களும் தம்பியும் போதும். பெரியப்பாவும் கணவரும் வீட்டில் இருக்கட்டும். அம்மாவை முதலில் பேச விடுங்கள். விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. இது இதய வலிதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

2. இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை எப்படி மாறும்?

3. மருந்தோடு சில வாரம் பார்க்கலாமா? பார்த்தால் என்ன ஆபத்து?

4. வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை அம்மாவுக்குத் தரலாமா, எப்படி வைப்பது?

பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வீர்கள்.

அம்மாவிடம் சொல்லாமல் செய்யலாமா?

கூடாது. அன்பினால்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு மகளோ மகனோ கையெழுத்துப் போட்டால் அது சம்மதம் ஆகாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது என்பதும் அதே தீர்ப்புதான். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. எனவே ஆஞ்சியோ படிவத்தில் ஸ்டென்ட்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கேட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். "முதலில் ஆஞ்சியோ மட்டும், படத்தைக் காட்டிவிட்டு அப்புறம் பேசலாம்" என்று அம்மா சொல்லலாம். அதனால் இரண்டாவது முறை குழாய் விட வேண்டிவரும், செலவும் கூடும். மணிக்கட்டு வழியாகவே செய்ய முடிந்தால் அது தாங்கக்கூடிய சிரமம்தான். ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று அம்மாவே விரும்பினால் அதுவும் சரி.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரைகளை டாக்டர் சொல்லும்வரை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். எதற்கென்று தெரியாத மாத்திரையை உங்கள் அம்மா தொடர்ந்து சாப்பிட மாட்டார். சர்க்கரை மாத்திரையில் பார்த்துவிட்டீர்களே. உட்கார வைத்து நேராகச் சொல்லுங்கள்: "அம்மா, மேடேறும்போது வர்றது வாயு இல்ல, இதயத்துக்கு ரத்தம் பத்தலன்னு டாக்டர் சந்தேகப்படறாரு. இப்பவே பார்த்துட்டா மருந்துலயே சரிபண்ண வழி இருக்குது." கல்யாண வேலை கெட்டுவிடும் என்று பயந்துதான் அவர் மறுக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் கல்யாணத் தேதியை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தோ, ஆஞ்சியோவோ, ஸ்டென்ட்டோ, எதுவானாலும் தேதி தெரிந்தால் அதற்கேற்ப நாள் குறிக்க முடியும். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஆடு ஓட்டும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். முட்டி வலி மாத்திரையையும் புகையிலையையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். முட்டி வலி தாங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.